மூன்று சுழி ண

தாவடிச் சந்தியில் எங்கள் அச்சகம்.
முன்னுக்குப் போட்டோக் கொப்பி, பின்னுக்கு ஓப்செற்,
நடுவில் நானும் ஒரு மேசைக் காற்றாடியும்.
இந்த மாதம் மூன்று கட்சி
எங்களிடம்தான் அடிக்கிறது.

குடைச் சின்னக்காரர் விடிய வருவினம்.
சாவிக்காரர் மத்தியானம், நான் சோற்றுப் பெட்டியைத் திறக்கிற நேரம்.
கத்தரிக்கோல் சுயேச்சைக் குழு
கடை பூட்டும்போது, கடனுக்கு.

மூன்று பேர் தந்த பிரதியிலும்
சுயநிர்னயம் என்று இரண்டு சுழி ன.
மூன்றிலும் நானே திருத்தினேன்.
இத்தனை காலம் கேட்ட ஒன்றை
எழுதத் தெரியாமலே கேட்டிருக்கிறோமோ
என்று யோசித்தேன். அதற்குள்
தாள் சிக்கிக்கொண்டது.

சமஷ்டி எண்டு போடுங்கோ அக்கா, தடிப்பா.
இது குடை.
அதிகாரப் பகிர்வு எண்டு போடுங்கோ, மெல்லிசாப் போதும்.
இது சாவி.
ரெண்டும் வேண்டாம், வேலை எண்டு போடுங்கோ.

இன்னொரு சொல் இருக்கிறது.
அதற்கான எழுத்தெல்லாம் என் கணினியில் உண்டு,
சட்டத்தில்தான் இடமில்லை.
பதினாறு வருடத்தில் ஒருநாளும் நான் அதை அடித்ததில்லை.
பிரதி கொண்டுவருகிற எல்லாரும்
அதைச் சுற்றித்தான் நடக்கிறார்கள்,
கட்டில்லாக் கிணறுள்ள வளவில்
இருட்டில் கால் வைக்கிறமாதிரி.

போன செவ்வாய் மழை.
மூன்று கட்சியும் ஒரு தகரத்தின் கீழ் அகப்பட்டது.
குடைக்காரரிடம் குடை இல்லை.

முழுசாக் கேட்டால்தான் பாதியாவது வரும்,
என்றான் குகதாரணன்.
முழுசாக் கேட்டுத்தானே முழுசா இழந்தனாங்கள்,
என்றான் நிமலரூபன்.
அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
தகரம் மட்டும் பேசியது.
நீங்கள் ரெண்டுபேரும் பேசி முடியமுன்னம்
வாக்குப் போட இங்கை ஆளே இராது,
என்றாள் டிலானி. அவளுடைய தம்பி
போன கிழமைதான் கொழும்பில் விசாவுக்குக் கைவிரல் கொடுத்தவன்.

என் கைபேசியில் அண்ணாவின் குரல்,
ஸ்காபரோவிலிருந்து:
கத்தரிக்கோலுக்கு மட்டும் போட்டிடாதை, நாடு முக்கியம்.
பின்னால் அவனுடைய சவள்
பனியைச் சுரண்டுகிற சத்தம்.

பாஷையூர் றெஜினோல்ட் மூலையில் நின்றார்,
வலை அறுந்த முறைப்பாட்டைக் கொப்பி எடுக்க.
மன்னிப்புக் கேட்கிற குரலில் கேட்டார்:
தம்பியவை, தனி எண்டு வந்தால்
கடல் எவடத்தில பிரியும்?
என்ரை வலையை அறுத்தவனும்
என்னைத் தமிழிலைதான் ஏசினவன்.

மழை விட்டுவிட்டது.
மூன்று மோட்டார் சைக்கிள் மூன்று றோட்டால் போயின.

எத்தனை கொப்பி அண்ணை?
கச்சேரிக்கு ஒண்டு, கடற்றொழில் கந்தோருக்கு ஒண்டு.
பிறகு இவையில ஆருக்காவது ஒண்டு.
ஆருக்குக் குடுக்க எண்டு நீங்களே சொல்லுங்கோ.
எனக்கே தெரியாத ஒன்றுக்கு
என்ன விலை வாங்குவது?
ஐந்து அடித்தேன், இரண்டுக்குக் காசு எடுத்தேன்.

அன்று இரவு கதவைப் பாதி சாத்திவிட்டு
அந்தச் சொல்லை அடித்துப் பார்த்தேன்.
நாலே எழுத்து. இரண்டு சுழிதான் அதில், பிழை இல்லை.
பாட்டனார் சிறை போனது, சின்னண்ணா போய் வராதது,
எல்லாம் ஒரு அங்குலத்துக்குள் அடங்கி நின்றது.
மூட வெளிக்கிட, சேமிக்கவா என்று கேட்டது இயந்திரம்:
ஆம், இல்லை, பிறகு.
எதை அழுத்தினேன் என்று
இவருக்கும் சொல்லவில்லை.

விடிய குகதாரணன் வந்தான்,
இன்னும் ஐயாயிரம் வேண்டுமாம்.
பின்பக்கம் வெறுமையாக் கிடக்குத் தம்பி,
அந்த மனுசன் கடலைப்பற்றிக் கேட்டதுக்கு
ஒரு வரி எழுதித் தாருங்கோ,
அடிக்கூலி வேண்டாம் என்றேன்.
தலைமையிட்டைக் கேட்டுச் சொல்றன் என்று போனவன்.
மற்ற இருவரிடமும் கேட்டேன்.

வியாழன் பின்னேரம் கட்டுக் கட்டாக ஏற்றினார்கள்.
மூன்று நிறத் தாள்.
பின்பக்கம் எல்லாம் வெறும் வெள்ளை.